அஷிமாவும் சுன்ஜாவும்

பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுக்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்ப முடியாது என்கிறார் அங்குள்ள அலுவலர். ஒரு நாவலில் வரும் காட்சி இது. 1968ஆம் வருடம், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரம். பெற்றோர் இருவரும் கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள். பெயர் வைக்கும் உரிமை குழந்தையின் அம்மா அஷிமாவின் பாட்டிக்கு. பாட்டியும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டார். கடிதம்தான் வந்து சேரவில்லை. கடைசிவரை வரப்போவதும் இல்லை. எங்கள் பக்கம் பெயர் வைக்க யாரும் இப்படி அவசரப்படுவதில்லை என்று சொல்லிப் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. சரி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று அப்பா அசோக் ஒரு பெயரை எழுதிக் கொடுக்கிறார்: கோகோல்.

ரஷ்ய எழுத்தாளரின் பெயர் வங்காளிக் குழந்தைக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு விபத்துதான் காரணம். 1961ல் அசோக் தாத்தாவைப் பார்க்க ரயிலில் போகிறார். இரவு எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அவர் மட்டும் நிக்கோலாய் கோகோலின் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார். ரயில் தடம்புரள்கிறது. உயிரோடு இருப்பவர்களைத் தேடி வந்தவர்களின் விளக்கு வெளிச்சத்தில் பட்டது, அவர் கையிலிருந்து நழுவிய ஒரு தாள். அந்தத் தாளால் பிழைத்தவர், தன் முதல் மகனுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கிறார். ஆனால் காரணத்தை மகனிடம் சொல்லப் பல வருடம் தயங்குகிறார்.

ஜும்பா லாஹிரி 2003ல் வெளியிட்ட 'தி நேம்சேக்' நாவலைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்தப் பெயர்க் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். இரண்டு கலாச்சாரங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட இரண்டாம் தலைமுறை, அடையாளச் சிக்கல், தன்னைத் தேடுதல் என்று பேச்சு போகும். லாஹிரிக்கே நடந்ததுதான் இது. நிலாஞ்சனா சுதேஷ்ணா என்று பெயர் இருக்க, பள்ளி ஆசிரியை சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது என்று வீட்டுச் செல்லப்பெயரான ஜும்பாவையே பிடித்துக்கொண்டார். அதனால் நாவலின் மையம் மகன்தான் என்று எடுத்துக்கொள்வது இயல்பு. நானும் வெகுநாள் அப்படித்தான் படித்தேன்.

ஆனால் நாவலின் முதல் பக்கத்தில் கோகோல் பிறக்கவே இல்லை. நிறைமாத கர்ப்பிணியான அஷிமா ஒரு சின்ன சமையலறையில் நிற்கிறாள். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அமெரிக்க அரிசிப்பொரி, டப்பாக் கடலை, நறுக்கிய வெங்காயம், உப்பு, எலுமிச்சை, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுப் பிசைகிறாள். கல்கத்தா தெருவோரத்தில் காகிதக் கூம்பில் கட்டிக் கொடுக்கும் காரப்பொரியை அங்கே கிடைத்ததை வைத்துச் செய்து பார்க்கிறாள். கடுகெண்ணெய் இல்லை. ஏதோ ஒன்று குறைகிறது. அவளுக்கும் அது தெரிகிறது. இருந்தும் மறுபடி மறுபடி செய்துகொள்கிறாள்.

நியூ ஜெர்சியில் பல வருடமாக இருக்கும் என் பெரியம்மா மகள் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு போனில் சொன்னாள்: "நீ அந்தப் பையனையே பார்த்துக்கிட்டு இருக்கே. அவன் கதையில என்னடா இருக்கு? அந்த அம்மாவைப் பாரு." அக்கா இலக்கியம் படித்தவள் இல்லை. ஆனால் அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு இந்த மாதிரி நாவல்களை நான் படிக்கும் விதமே மாறிவிட்டது. இந்தக் கட்டுரையும் அதிலிருந்து வந்ததுதான்.

கோகோலை எடுத்துக்கொள்வோம். பெயர் பிடிக்கவில்லை. 1986ல் கல்லூரிக்குப் போகுமுன் கோர்ட்டுக்குப் போய் நிகில் என்று மாற்றிக்கொள்கிறான். நீதிபதியிடம் காரணம் சொல்கிறான், உத்தரவு கிடைக்கிறது, முடிந்தது. யேல் பல்கலைக்கழகம், அப்புறம் நியூயார்க்கில் கட்டடக்கலை வேலை. மேக்சின் என்ற பெண்ணோடு பழகி, அவளுடைய பெற்றோரின் அழகான வீட்டிலேயே குடியேறிவிடுகிறான். அவர்களுடைய ஒயின், அவர்களுடைய சாப்பாடு, அவர்களுடைய ஏரிக்கரைக் கோடை வீடு. அப்பா இறந்ததும் குற்றவுணர்ச்சி. அந்த உறவு அறுகிறது. பிறகு அம்மா பார்த்துச் சொன்ன வங்காளிப் பெண் மௌஷுமியைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அப்போதும் அவளுடைய நண்பர்கள் வட்டத்துக்குள் விருந்தாளி மாதிரியே உட்கார்ந்திருக்கிறான். அதுவும் முறிகிறது.

அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாவம், அவன் செய்ததெல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு வாழ்க்கைக்குள் நுழைந்து பார்த்ததுதான். ஒவ்வொரு முறையும் வாசல் திறந்தது. எதையும் அவன் கையால் கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. கட்டடம் கட்டும் தொழில் படித்தவனுக்கு லாஹிரி இப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுத்திருக்கிறார்.

அஷிமாவுக்கோ எந்த வாசலும் தயாராக இல்லை. கணவன் பெயரை வாயால் சொல்லாத பெண் அவள்; அங்கேயும் சொல்வதில்லை. முதல் வருடங்களில் பழைய கடிதங்களை எடுத்துப் படித்து அழுகிறாள். ஒருமுறை கல்கத்தா போவதற்காக உறவினர்களுக்கு வாங்கிய சாமான்களை ரயிலிலேயே மறந்து விட்டுவிடுகிறாள். அசோக் ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு போன் செய்ய, மறுநாள் ஒன்றுகூடக் குறையாமல் திரும்பி வருகிறது. இவ்வளவு சின்ன சம்பவம். அந்த ஊர் மேல் அவளுக்கு வந்த முதல் நம்பிக்கை அதுதான். பிள்ளைகளுக்காக கிறிஸ்துமஸ் மரம் வைக்கக் கற்றுக்கொள்கிறாள். மாசசூசெட்ஸில் இருக்கும் வங்காளிக் குடும்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, தன் சமையலால் ஒரு சொந்தபந்தத்தையே உண்டாக்குகிறாள். மூன்று முகவரிப் புத்தகங்கள் வைத்திருக்கிறாள். வீடு மாறியவர்கள், ஊர் மாறியவர்கள், யாரையும் அடித்துவிட்டு எறிய மனமில்லாமல். நாற்பது வயதைத் தாண்டி உள்ளூர் நூலகத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அவளுடைய முதல் அமெரிக்கத் தோழிகள் அங்கேதான் கிடைக்கிறார்கள். அசோக் கிளீவ்லாந்துக்கு வேலைக்குப் போனபோது முதல்முறையாகத் தனியாக ஒரு வீட்டில் படுத்து எழுகிறாள். அவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோகிறார். போனில் ஆஸ்பத்திரிக்காரர்கள் சொல்லும் செய்தியை அவள் தனியாகத்தான் கேட்கிறாள்.

நாவலின் கடைசியில், 2000 டிசம்பரில், வீட்டை விற்றுவிட்டு வருடத்தில் ஆறு மாதம் இந்தியா, ஆறு மாதம் அமெரிக்கா என்று முடிவெடுக்கிறாள். வீட்டைக் காலி செய்யும் முன்பு அவளுக்கு வரும் அழுகை இருக்கிறதே, அதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். இத்தனை வருடம் இந்தியாவை நினைத்து ஏங்கினவள், இனி இந்த ஊரை நினைத்து ஏங்கப் போகிறோம் என்று உணர்கிறாள்: நூலக வேலையை, கூட வேலை பார்த்த பெண்களை, கணவனோடு பழகி அவன்மேல் அன்பு வளர்ந்த நாட்டை. மகன் சிறு வயதில் புரட்டாமல் ஒதுக்கிய கோகோல் கதைகளை எடுத்துப் படிக்க இப்போதுதான் உட்கார்கிறான். அவனுக்கு அது ஆரம்பம். அவள் போய்ச் சேர்ந்தே விட்டாள். அடையாளம் என்ற வார்த்தையை ஒருமுறைகூட யோசிக்காமல்.

மின் ஜின் லீயின் 'பச்சின்கோ' 2017ல் வந்தது. அதைப் படித்தபோது அக்கா சொன்னது இன்னும் ஆழமாக உறைத்தது. இந்த நாவலில் தன்னைத் தேடுவதற்கு விலை உயிர்.

கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய யொங்டோ தீவில் 1910ல் கதை தொடங்குகிறது. ஜப்பான் கொரியாவை விழுங்கிய வருடம் அது. சாப்பாட்டுடன் அறை வாடகைக்கு விடும் ஏழைக் குடும்பத்தின் ஒரே மகள் சுன்ஜா. எழுதப் படிக்கத் தெரியாது. ஹன்சு என்ற பணக்கார மீன் தரகனிடம் மனதைக் கொடுத்து கர்ப்பமாகிறாள். அவனுக்கு ஜப்பானில் மனைவி, மக்கள் இருப்பது பிறகுதான் தெரிகிறது. இங்கேயே வீடு வாங்கித் தருகிறேன், வசதியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் அவன். வேண்டாம் என்கிறாள். பதினாறு, பதினேழு வயதுப் பெண், வயிற்றில் பிள்ளையோடு, கையில் காசில்லாமல் சொல்லும் 'வேண்டாம்'. அவர்கள் வீட்டில் காசநோயோடு வந்து தங்கிய கிறிஸ்தவ போதகர் ஈசாக் அவளை மணந்துகொள்ள முன்வருகிறார். இருவரும் 1933ல் ஒசாகாவுக்குக் கப்பலேறுகிறார்கள்.

கல்யாணத்தன்று அவளுடைய அம்மா அரிசிக் கடைக்குப் போய் வெள்ளை அரிசி கேட்கும் இடம் ஒன்று உண்டு. கொரிய மண்ணில் விளைந்த நல்ல அரிசி ஜப்பானியர்களுக்குப் போய்விடும் காலம். மகள் போவதற்கு முன்னால் சொந்த மண்ணின் சோற்றை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அந்தத் தாய் கெஞ்சி வாங்குகிறாள். நாடு, மொழி, பண்பாடு என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்த ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. சுன்ஜா கொண்டு போன சீதனமும் அவ்வளவே.

ஒசாகாவில் கொரியர்கள் ஒண்டியிருக்கும் இகாய்னோ பகுதி. கணவனைப் போலீஸ் பிடித்துப் போனதும் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. சுன்ஜா கிம்ச்சி போட்டு வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். நம் ஊறுகாய் போலப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ் அது, வாசனை தூக்கலாக அடிக்கும். பக்கத்துக் கடைக்காரர்கள் துரத்துகிறார்கள். இடம் மாறி மாறி நிற்கிறாள். கூவி விற்க வாய் எழவில்லை. பிறகு எழுகிறது. அந்தப் பக்கங்களில் சுன்ஜாவின் குரல் முதல்முறை வெளியே வரும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஒருத்தி தன்னைக் கண்டுபிடிக்கும் கணம் என்று இலக்கியத்தில் எதையாவது காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அவளுடைய மூத்த மகன் நோவா, ஹன்சுவுக்குப் பிறந்தவன். ஈசாக்கைத்தான் அப்பா என்று நம்பி வளர்கிறான். நல்ல மாணவன், ஆங்கில இலக்கியப் பித்து, வசேதா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. படிப்புக்குப் பணம் கட்டும் ஹன்சுதான் தன் தகப்பன் என்றும், அவன் யாகூசா என்னும் தாதா கும்பலைச் சேர்ந்தவன் என்றும் 1962ல் தெரிகிறது. அன்றோடு எல்லோரையும் விட்டு ஓடுகிறான். நகானோவில் ஜப்பானியப் பெயரோடு, ஜப்பானியனாகவே வேலை பார்க்கிறான், கல்யாணம் செய்கிறான், நான்கு பிள்ளைகள். மனைவிக்குக்கூடத் தெரியாது. 1978ல் சுன்ஜா அவனைத் தேடிக் கண்டுபிடித்துப் போய்ப் பார்க்கிறாள். அம்மாவோடு நன்றாகவே பேசி அனுப்புகிறான். அவள் போன பிறகு தன்னைச் சுட்டுக்கொள்கிறான்.

கோகோலும் பெயர் மாற்றினான், நோவாவும் மாற்றினான். ஒருவன் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனான், இன்னொருவனால் உயிரோடு இருக்க முடியவில்லை. இந்த வித்தியாசத்தை இருவருடைய மனதுக்குள் தேடினால் பதில் கிடைக்காது. சட்டப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறந்ததாலேயே கோகோல் அந்த நாட்டுக் குடிமகன். அரசியல் சாசனத்தின் பதினான்காவது திருத்தம் அதற்கு உத்தரவாதம். 1965ல் அந்த நாடு நாட்டுவாரிக் குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்ததால்தான் அவனுடைய அப்பாவைப் போன்ற படித்த ஆசியர்கள் குடும்பத்தோடு அங்கே நிலைக்க முடிந்தது. பெயரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கோகோலை யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை. அப்படிப்பட்டவனுக்குத்தான் நான் யார் என்று நிதானமாக யோசிக்க நேரம் இருக்கும்.

நோவா ஒசாகாவில் பிறந்தவன். அப்போது கொரியர்கள் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிரஜைகள். போர் முடிந்து, 1952ல் சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஜப்பானில் இருந்த கொரியர்களின் குடியுரிமை ஒரே நாளில் போனது. பிறந்து வளர்ந்த ஊரிலேயே அந்நியர்கள். வெளிநாட்டவர் பதிவு அட்டை, அதற்குக் கைரேகை. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அதுதான் விதி. நாவலில் சுன்ஜாவின் பேரன் சாலமன் பதினான்காவது பிறந்தநாளில் அலுவலகத்துக்குப் போய் விரலில் மை தடவிக் கைரேகை வைக்கிறான். அன்று மாலை அவனுக்குத் தடபுடலான பிறந்தநாள் விருந்து. 1980களில் இந்தக் கைரேகைக்கு எதிராகப் பலர் மறுப்புப் போராட்டம் நடத்தினார்கள். 1993ல்தான் இவர்களுக்கு அது நீங்கியது.

தமிழ் வாசகருக்கு இது புரியாத விஷயம் இல்லை. 1948ல் சிலோன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களைச் செய்ததும் இதுதானே. தேயிலை பறிக்கக் கூட்டிப்போன வெள்ளைக்காரன் கிளம்பிவிட்டான், தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தத்தில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு பிரதமர்கள் பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை தரும் சட்டம் 2003ல்தான் வந்தது. 'பச்சின்கோ'வில் சாலமன் கைரேகை வைக்கும் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த நினைவு வராமல் இல்லை.

சாலமனுக்கு ஃபீபி என்று ஒரு காதலி. அமெரிக்காவில் வளர்ந்த கொரியப் பெண். நீ இங்கேதானே பிறந்தாய், ஏன் உனக்குக் குடியுரிமை இல்லை என்று அவளுக்கு ஆற்றவே முடியாத கோபம். அவள் கேட்பது நியாயம். ஆனால் அவனால் அவளோடு அமெரிக்காவுக்குப் போக முடியவில்லை. கொலம்பியாவில் படித்து, டோக்கியோவில் பிரிட்டிஷ் வங்கியில் வேலை பார்த்து, அங்கே அவனை உபயோகப்படுத்திக்கொண்டு வேலையைவிட்டு எடுத்துவிட, கடைசியில் அப்பா மொசாசுவின் பச்சின்கோ கடைக்கே வந்து உட்காருகிறான். சின்னச் சின்ன எஃகு உருண்டைகள் ஆணிகளுக்கு நடுவே உருண்டு விழும் சூதாட்ட இயந்திரம் அது. கடை மூடிய பிறகு ஆணிகளைச் சிறு சுத்தியால் லேசாகத் தட்டி உருண்டை போகும் வழியை மாற்றிவைப்பார்கள். கொரியர்களுக்கு நல்ல வேலை கிடைக்காத ஊரில் அவர்களுக்குத் திறந்திருந்த தொழில்களில் ஒன்று. சாலமன் திரும்பி வந்ததைத் தோல்வி என்று எழுதிய வாசகர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் குடும்பம் கையால் உண்டாக்கிய ஒன்றைப் பார்த்து வெட்கப்படுவதை அவன் அங்கே நிறுத்துகிறான். நோவாவால் முடியாமல் போனது அதுதான்.

இந்த நாவல் எழுதப்பட்ட விதமும் சொல்லத் தகுந்தது. மின் ஜின் லீ கல்லூரியில் படித்தபோது, 1989ல், ஜப்பானில் பணிபுரிந்த ஒரு போதகரின் உரையைக் கேட்டார். சக மாணவர்களின் இனவெறுப்பால் உயிரை விட்ட ஒரு கொரியச் சிறுவனைப் பற்றியது அது. அந்தச் சிறுவன் அவர் மனதை விட்டுப் போகவில்லை. முதலில் அவர் எழுதியதும் ஒரு சிறுவனின் கதைதான். கைரேகை வைக்கப் போகும் பையனைப் பற்றி 'மதர்லேண்ட்' என்ற சிறுகதை. பிறகு 2007ல் டோக்கியோவில் குடியேறி, அங்குள்ள கொரியர்களை நேரில் சந்தித்துப் பேசினார். அதுவரை எழுதிவைத்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார். வெறுமனே பாதிக்கப்பட்டவர்களாக அவர் நினைத்து வைத்திருந்தவர்கள், நேரில் அப்படி இல்லை. கடை நடத்தினார்கள், பிள்ளை வளர்த்தார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். சிறுவனில் தொடங்கிய கதை எழுதி முடிக்கும்போது சந்தையில் கூவி விற்ற ஒரு பாட்டியின் கதையாகிவிட்டது. அக்கா சொன்ன வழியில்தான் அந்த நாவலாசிரியரும் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கு மாற்றாக ஒரு நாவலையும் சொல்ல வேண்டும். சிமமாண்டா அடிச்சியின் 'அமெரிக்கானா', 2013. இதில் நாயகி இஃபெமெலுவே குடிபெயர்ந்தவள். படித்தவள், வாய் சாமர்த்தியம் உள்ளவள், தன்னைப் பற்றி ஓயாமல் யோசிப்பவள். நைஜீரியாவில் இருக்கும்வரை அவளுக்குத் தான் கறுப்பினத்தவள் என்ற நினைப்பே இல்லை. அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் அப்படி ஆகிறாள். முதல் வருடங்களில் வேறொருவரின் அடையாள அட்டையை வைத்து வேலை தேடுகிறாள். அமெரிக்க உச்சரிப்பைப் பழகிக்கொள்கிறாள். போனில் பேசிய ஒரு விற்பனையாளர் அசல் அமெரிக்கப் பெண் மாதிரிப் பேசுகிறீர்கள் என்று பாராட்டியதும், அந்தப் பாராட்டுக்கு நன்றி சொன்னோமே என்று உறுத்தி, அந்த உச்சரிப்பையே விட்டுவிடுகிறாள். அவளுடைய காதலன் ஒபின்சேவுக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அவன் லண்டனில் இன்னொருவன் பெயரில் கூலி வேலை செய்து, குடியுரிமைக்காக ஏற்பாடு செய்த கல்யாணத்தன்று பிடிபட்டு, நாடு கடத்தப்படுகிறான். மறுபடியும் காகிதம்தான். காகிதம் இருந்தவளுக்கு உச்சரிப்பைப் பற்றி யோசிக்க முடிந்தது. இல்லாதவனுக்குத் தன் பெயரைச் சொல்லவே முடியவில்லை.

அந்த நாவலில் என்னை உட்கார வைத்தது முடி. பிரின்ஸ்டனில் ஆப்பிரிக்க முடியைப் பின்னிவிடும் கடை கிடையாது. இஃபெமெலு ரயிலேறி டிரெண்டனுக்குப் போகிறாள். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் நடத்தும் சின்னக் கடை, வியர்வை, மின்விசிறி, ஓடிக்கொண்டிருக்கும் நைஜீரியப் படம். முழு நாவலும் அந்த நாற்காலியில் அவள் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சுற்றித்தான் பின்னப்பட்டிருக்கிறது. வேலை நேர்காணலுக்காக ஒருமுறை ரசாயனம் போட்டு முடியை நேராக்கி, உச்சந்தலை வெந்து, முடி கொட்டி, ஒட்ட வெட்டிக்கொண்டு, தன் முடியைத் தானே பராமரிக்கக் கற்றுக்கொள்கிறாள். கண்ணாடி முன்னால் ஒருநாள் அந்த முடி பிடித்துப்போகிறது. இனம் பற்றி அவள் எழுதும் வலைப்பதிவுகள் கூர்மையானவை, நிறையப் பேர் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கோ அவற்றைவிட அந்தச் சீப்பும் எண்ணெயும்தான் அவளைப் பற்றி அதிகம் சொல்லின. லாகோஸுக்குத் திரும்பிய பிறகு நாவல் கொஞ்சம் தளர்கிறது என்பதும் என் எண்ணம். பழைய காதலனிடம் போய்ச் சேர்வதில் கதைக்கு ஒரு முடிவு கிடைக்கிறதே தவிர, அவளுக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை.

சாதாரணமான பல நாவல்கள் இங்கேதான் சறுக்குகின்றன. வெளிநாட்டில் வளர்ந்த பெண், மனம் உடைந்து, பாட்டியின் கிராமத்துக்கு வருகிறாள். மழை, மாம்பழம், ஒரு திருவிழா, ஒரு பழைய டிரங்குப் பெட்டி. பாட்டி ஒரு ரகசியம் சொல்கிறாள். அழுகிறார்கள். நான் யார் என்று தெரிந்துவிட்டது என்று விமானம் ஏறுகிறாள். அந்தக் கிராமத்தில் மற்றவர்களுக்கு என்ன வேலை? பாட்டிக்கு என்ன ஆசை இருந்தது? தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? எதுவும் வராது. அந்த ஊரே அவளுக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் இருக்கிறது. பாட்டிக்குச் செய்யும் பெரிய அநியாயம் இது. இந்த வகையில் ஒரு புத்தகம் கையில் எடுத்தால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது, நாயகியைத் தவிர மற்றவர்கள் காலையில் எழுந்து என்ன செய்கிறார்கள் என்பதைத்தான்.

லாஹிரியிடம் திரும்பி வருகிறேன். அவர் 2000ல் புலிட்சர் பரிசு வாங்கியவர், வங்காளி அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி எழுத அவரைவிட்டால் ஆளில்லை என்று பேரெடுத்தவர். 2012ல் குடும்பத்தோடு ரோம் நகருக்குக் குடிபோனார். இத்தாலிய மொழியில் எழுத ஆரம்பித்தார். வங்காளம் அம்மா அப்பா கொடுத்தது, ஆங்கிலம் பள்ளிக்கூடம் கொடுத்தது. இத்தாலியம் யாரும் கொடுக்காமல் அவரே போய் எடுத்துக்கொண்டது. நடுவயதில் மாணவி மாதிரி நோட்டுப் புத்தகத்தில் வார்த்தைகள் எழுதி, தப்பாகப் பேசி, திருத்திக்கொண்டு கற்ற மொழி. அதில் 2018ல் எழுதிய நாவலை அவரே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2021ல் 'வேர்அபௌட்ஸ்' என்று வெளியிட்டார்.

அந்த நாவலின் நாயகிக்குப் பெயர் இல்லை. ஊருக்கும் பெயர் இல்லை. நாற்பதுகளில் இருக்கும் ஒருத்தி, தனியாக வாழ்கிறாள், பாடம் நடத்துகிறாள், காபி குடிக்கிறாள், நீச்சல் குளத்துக்குப் போகிறாள், தெரிந்தவர்களைத் தெருவில் பார்த்துப் பேசுகிறாள், அம்மாவைப் போய்ப் பார்க்கிறாள். எந்த நாட்டுக்காரி என்று எங்கும் சொல்லப்படுவதில்லை. வங்காளிக் குடும்பம் எங்கே, இரண்டு கலாச்சாரம் எங்கே என்று பழைய வாசகர்கள் பலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் தனிப் பிரியம். பெயரைப் பற்றியே முதல் நாவல் எழுதியவர், பெயரே தேவைப்படாத ஒருத்தியை எழுதும் இடத்துக்கு வந்திருக்கிறார். அந்தப் பெண்ணிடம் கோகோலின் சாயல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. கணவன் ஊரில் இல்லாத அந்த வருடத்தில் நூலகத்துக்குப் போய்வந்து, வாழ்த்து அட்டைகளில் முகவரி எழுதி, கதவுகளைத் தானே பூட்டிக்கொண்டு படுத்த அஷிமாவைத்தான் பார்த்தேன். லாஹிரி அவளுக்கு அந்த நாவலில் ஒதுக்கிய பக்கங்கள் எனக்குப் போதவில்லை. அந்த ஒரு வருடத்தை மட்டுமே வைத்து ஒரு முழு நாவல் எழுதலாம், யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.